குதிகாலில் கறுப்புத் திட்டு: பயாப்ஸி எடுத்தால் பரவிவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. இடது குதிகாலில் எட்டு மாதமாக ஒரு கறுப்புத் திட்டு. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிவந்தோம். இப்போது பெரிதாகி, நடுவில் ரத்தம் கசிகிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம், பயாப்ஸி (சதையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும் என்கிறார் தோல் டாக்டர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பயாப்ஸியால் மெலனோமா பரவாது. நோய் முற்றிய பிறகு வந்து பயாப்ஸி எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த சில மாதங்களில் மோசமாவதை உங்கள் சொந்தக்காரர்கள் பார்த்திருப்பார்கள், பழி கத்தியின் மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் போன்ற கறுத்த தோலுக்கு மெலனோமா அபூர்வம். ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இந்த இடங்களில்தான் வரும், வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. அதனால்தான் ஆணி, முள் குத்திய காயம், நகச்சுத்து, சர்க்கரைப் புண் என்று ஏதோ ஒரு பெயரில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. என்னிடம் வந்த ஒருவர் ஒன்றரை வருடம் பிளேடால் சீவிக்கொண்டே இருந்திருக்கிறார், அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், உள்ளங்கால் ரேகைகளின் பள்ளத்தில் கறுப்பு ஓடினால் அது பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் ஓடினால் சந்தேகம். உறுதி செய்வது பயாப்ஸி மட்டுமே. மேலாகச் சுரண்டி எடுக்காமல் தோலின் முழு ஆழத்துக்கும் எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மெலனோமா என்று வந்தால் அறிக்கையில் 'பிரெஸ்லோ தடிமன்' என்று, கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு எண் மில்லிமீட்டரில் இருக்கும், சிகிச்சை பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான். 1 மி.மீ.க்குள் இருந்தால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு வெட்டி எடுப்பார்கள், 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. அந்த இடத்தை வேறு தோல் வைத்து மூடுவார்கள். காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள், குதிகாலில் பெரும்பாலும் அது தேவைப்படாது.

தடிமன் கூடுதலாக இருந்தால், தொடை இடுக்கில் நோய் முதலில் போய்ச்சேரும் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அங்கும் இருந்தால், அல்லது அதைத் தாண்டியிருந்தால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் உண்டு. உள்ளங்கால் வகைக்கு இவை மற்ற மெலனோமா அளவுக்குக் கேட்பதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. கட்டியில் பிராஃப், கிட் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள், இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன.

சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளாகலாம், அதற்காகப் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டரை இன்றே நிறுத்துங்கள், சீவவும் வேண்டாம், சுத்தமான துணியால் கட்டிவையுங்கள். அப்புறம், அறிக்கை வந்ததும் அந்த மில்லிமீட்டர் எண்ணை எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்ப்போம்.