பேக்கேஜ் மேனேஜர்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, உபுண்டு, மேக், விண்டோஸ் மூணும் வச்சிருக்கேன். மூணுக்கும் ஒரே மேனேஜர் போதுமா?

பேக்கேஜ் மேனேஜர் என்பது மென்பொருளை நிறுவ, புதுப்பிக்க, நீக்க உதவும் கருவி. அவற்றில் கோண்டா மூன்றிலும் ஓடும். ஆனால் அது டேட்டா, அறிவியல் வேலைக்கென்று வளர்ந்தது. அன்றாட மென்பொருளுக்கு ஒத்துவராது. 2009-இல் மேக்குக்காக வந்த ஹோம்ப்ரூ, 2019 முதல் லினக்ஸையும் ஆதரிக்கிறது. விண்டோஸில் அது டபிள்யூஎஸ்எல்லுக்குள்தான் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி). ஒரே கருவி என்று அலையாதீர்கள். உபுண்டுவில் ஏபிடி, மேக்கில் ப்ரூ (ஹோம்ப்ரூதான்), விண்டோஸில் விங்கெட். ப்ரூவின் பேக்கேஜ் பட்டியலான ப்ரூஃபைலையும், விங்கெட் எக்ஸ்போர்ட் தரும் பட்டியலையும் கிட்டில் (ஃபைல்களின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) போட்டு வையுங்கள். புது மெஷின் வந்தால் அதுவே கைகொடுக்கும்.

கேள்வி: டெபியன் 12 லினக்ஸில் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று திட்டுகிறது. சூடோ போட்டும் பலனில்லை.

நல்லவேளை, திட்டுகிறது! பிப் என்பது பைத்தான் லைப்ரரிகளைப் போடும் கருவி, சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது. பிப் கைவைக்கப் பார்க்கும் அந்த சிஸ்டம் பைத்தான் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. சிஸ்டத்தின் சில கருவிகளும் அதை நம்பியே ஓடுகின்றன. முன்பெல்லாம் சூடோவோடு பிப் ஓட்டினால், அது போட்ட லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பைத்தான் முதலில் அங்கேதான் பார்க்கும். ஏபிடி போட்ட பழைய பதிப்பு பின்னால் சும்மா கிடக்கும். ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கருவி இம்போர்ட் எரர் கொடுத்துப் படுத்துவிடும். ஏபிடியைக் கேட்டால் 'எல்லாம் சரி' என்றே சொல்லும், பிப் செய்த வேலை அதற்குத் தெரியாதே. இதைத் தடுக்கத்தான் பெப் 668 என்ற பைத்தான் விதிமுறை வந்தது.

புராஜெக்டுக்கு வீஎன்வி (அதற்கென்று தனி பைத்தான் சூழல்), கமாண்ட் லைன் கருவிக்கு பிப்எக்ஸ் (ஒவ்வொரு கருவியையும் தனிச் சூழலில் போடும்). 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனை யாராவது சொல்லித் தந்தால், பெயரை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஏபிடி அப்டேட், அப்கிரேட் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. அப்டேட், கிடைக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். பேக்கேஜை மாற்றுவது அப்கிரேட்.

கேள்வி: ஃப்ளாட்பேக்கில் சின்ன ஆப் போட்டாலும் ஏன் இவ்வளவு டவுன்லோட்?

ஃப்ளாட்பேக் என்பது லினக்ஸில் ஆப் போடும் ஒரு முறை. ஆப் ஓடத் தேவையான பொது லைப்ரரிகளின் தொகுப்பான ரன்டைமும் கூடவே வருவதால். அதே ரன்டைமைக் கேட்கும் அடுத்த ஆப்புக்கு இவ்வளவு இறங்காது.

கேள்வி: நிக்ஸ் கற்றுக்கொள்ளலாமா?

நிக்ஸும் ஒரு பேக்கேஜ் மேனேஜர்தான். அதில் ஒவ்வொரு பேக்கேஜும் ஹாஷ் எனும் அடையாளக் குறியீடு சேர்ந்த பெயரில் தனி ஃபோல்டரில் இருக்கும். அதனால் ஒரே கருவியின் இரண்டு பதிப்புகள் மோதாமல் நிற்கும், அப்கிரேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பேக்கேஜ்களை விவரிக்க எழுத வேண்டிய அதன் மொழிதான் ஆளைச் சோதிக்கும். அவசர வேலை கையில் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

கேள்வி: மேக்கில் ஒரே கமாண்ட் ரெண்டு இடத்தில் இருக்கு. எது ஓடுது?

'விச்' கமாண்டை 'ஏ' ஆப்ஷனோடு கொடுங்கள். இருக்கிற இடமெல்லாம் வரிசையாக வரும். மேலே இருப்பதுதான் பொதுவாக ஓடும், ஷெல்லில் அதே பெயரில் ஏலியாஸ் (கமாண்டுக்கு நீங்கள் வைக்கும் மாற்றுப்பெயர்) வைத்திருந்தால் ஒழிய.