சும்மா கிடக்கும் சர்வரும் டெபியன் மிரரும்

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 12 டெராபைட் டிஸ்க்கோடு ஒரு சர்வர் சும்மா கிடக்கிறது, 1 ஜிபிபிஎஸ் லைனும் ராத்திரியில் காலிதான். இலவச இயங்குதளமான டெபியன் லினக்ஸுக்குப் பொது மிரர் (அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்து யாருக்கும் தரும் சர்வர்) வைக்க ஆசை. ஆனால் முதல்வர், "நம்ம சர்வர் வழியா யாருக்காவது வைரஸ் போனா நாமதானே மாட்டுவோம்?" என்கிறார். என்ன சொல்வது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: முதல்வர் பயப்படுவது நியாயம்தான், ஆனால் டெபியன் அதற்கு முன்பே வழி செய்து வைத்திருக்கிறது. எந்தெந்தப் பொதி (பேக்கேஜ், அதாவது நிறுவ வேண்டிய மென்பொருள் கட்டு), அதன் ஹேஷ் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) என்ன என்கிற பட்டியல்கள் எல்லாம் கடைசியில் ரிலீஸ் என்ற ஒரு கோப்பில் வந்து முடிகின்றன, அந்தக் கோப்பில் டெபியன் தன் சாவியால் கையொப்பம் போட்டிருக்கும். பயனரின் கணினியில் இருக்கும் ஆப்ட் என்ற நிறுவும் மென்பொருள் அந்தக் கையொப்பத்தையும் ஹேஷையும் சரிபார்த்த பிறகுதான் நிறுவும். நீங்களே ஒரு பொதியைத் திருத்தி வைத்தாலும் அது ஏற்காது. டெபியனையே புதிதாக நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்புகள் கதை வேறு. பிரவுசரில் இறக்குகிறவர்களில் ஹேஷ் பார்க்கிறவர்கள் குறைவு. அது தனிக் களஞ்சியம், ஆரம்பத்தில் தொடாதீர்கள். செக்யூரிட்டி திருத்தங்களையும் டெபியன் தன் சொந்த முகவரியிலிருந்தே தருகிறது, அந்தச் சுமையும் உங்களுக்கு இல்லை.

சரி, இடம்? எல்லா ப்ராசஸர் வகைகளும் சேர்ந்தால் சில டெராபைட் வரும், 12 தாராளம். பொதிகளின் களஞ்சியம் ஒரு நாளைக்கு 4 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதற்கு ஏற்ப நீங்களும் ஒத்திசைக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஒற்றை வரியாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். புதுப் பட்டியல் வந்து சேர்ந்திருக்கும், அதில் சொன்ன பொதி இன்னும் வந்திருக்காது, அல்லது பாதிப் பட்டியல் புதுசு, பாதி பழசாக இருக்கும், அந்த நேரம் பார்த்து அப்டேட் கொடுத்தவருக்கு 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' (ஹேஷ் பொருந்தவில்லை) என்று பிழை வந்து கண்ணைக் கட்டும். டெபியனே தரும் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பொதிகள், அப்புறம் பட்டியல்கள், கடைசியில்தான் பழையவற்றை நீக்குவது என்று அது வரிசையாகச் செய்யும். ஒவ்வொரு முறையும் ஒரு டிரேஸ் கோப்பையும் எழுதி வைக்கும். உங்கள் மிரர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது அதைப் பார்த்தாலே வெளியே தெரிந்துவிடும்.

ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு: நீங்கள் வேலை மாறினால் யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் உதவிக்குப் போன ஓர் இடத்தில் இதேபோல ஆர்வமாக ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் கிளம்பிவிட்டார், டிஸ்க் நிரம்பி ஒத்திசைவு நின்றது, வெப் சர்வர் மட்டும் சமர்த்தாகப் பழைய சரக்கைப் பரிமாறிக்கொண்டே இருந்தது, பல மாதம் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு மிரர் இருப்பதற்கு இல்லாமலே இருக்கலாம். அதனால் முதல் ஆறு மாதம் வளாகத்துக்குள் மட்டும் நடத்துங்கள். லேபில் 60 கணினிகளும் ஒரே பொதியை 60 தடவை வெளியிலிருந்து இழுக்காமல் பக்கத்து அறையிலிருந்து எடுத்தால் முதல்வருக்கே கணக்கு புரியும். அதற்குள் இரண்டு பேரையாவது பழக்கிவிட்டு, தனிநபர் பெயரில் இல்லாத பொது மின்னஞ்சல் ஒன்றைக் கொடுத்து டெபியனில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: சிடிஎன் (பல ஊர்களில் சர்வர் வைத்து, பக்கத்திலிருந்தே கோப்பைத் தரும் நிறுவனங்களின் வலையமைப்பு) வந்த பிறகும் மிரர் எதற்கு?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. டெபியனின் பொது முகவரியே இப்போது சிடிஎன் வழியாகத்தான் ஓடுகிறது. ஆனால் அது நிறுவனங்கள் இலவசமாகக் கொடுப்பது, நாளைக்கு மனம் மாறினால் என்ன செய்வது? விஎல்சி பிளேயரைத் தரும் வீடியோலேன் இன்னமும் தன்னார்வலர்களின் மிரர்களை நம்பித்தான் இருக்கிறது.

கேள்வி: வீட்டு ஃபைபர் இணைப்பில் மிரர் நடத்தலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைக்காது, மாத டேட்டாவுக்கும் வரம்பு உண்டு, மின்சாரம் போனால் மிரரும் போச்சு. டெபியன் தன் ஐஎஸ்ஓக்களை டோரண்டாகவும் (பயனர்களே ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் முறை) தருகிறது. ஒன்றை இறக்கி, டோரண்டை மூடாமல் சீட் செய்துகொண்டிருங்கள் (மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொண்டிருங்கள்), அதுவே உதவிதான். அப்லோடுக்கு மட்டும் முதலிலேயே லிமிட் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி சீரியல் பாதியில் சுற்றி நிற்கும்போது வீட்டில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.