பழைய ப்ரீ-ஆம்பும் உப்புக் காற்றும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் வாப்பா எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த குவாட் 33 ப்ரீ-ஆம்பும் (பிளேயரின் மெல்லிய சிக்னலை ஏற்றிச் சரிசெய்து தரும் பெட்டி) 303 பவர் ஆம்பும் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) பரணில் கிடந்தன. இப்போது போட்டுப் பார்த்தால் வலது பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது. வால்யூமைத் திருகினால் கரகர என்கிறது. ஒரு கடையில் கண்டென்சர், டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: வேண்டாம் தம்பி. கோளாறு எங்கே என்று தெரிவதற்கு முன் ஒரு ரெசிஸ்டரைக்கூடக் கழற்றவிடாதீர்கள்.

நம் கரையில் பழைய செட்டுக்கு வருகிற நோய் பெரும்பாலும் பாகங்களில் இல்லை, உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடங்களில் இருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிப்பை ஆராய மண்டபத்தில் இடம் பிடித்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். காற்றோடு வரும் உப்பு செட்டுக்குள் படியும், ஈரத்தை இழுக்கும். பித்தளையும் செம்பும் பச்சை பூக்கும், வெள்ளிப் பூச்சு கறுத்துப்போகும்.

இதில் பவர் ஆம்பைவிட ப்ரீ-ஆம்ப்தான் முதலில் படுக்கும். ஸ்பீக்கருக்குப் போகிற பெரிய மின்னோட்டம் லேசான அழுக்குப் படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். இசைத்தட்டு ஊசியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் மேக்னெடிக் பிக்கப் தருவதோ சுமார் 5 மில்லிவோல்ட். அதற்கு அந்தப் படலமே சுவர். விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

குவாட் 33 1967-ல் 303-க்கு ஜோடியாக வந்தது. அதன் உள்கட்டு பழுது பார்க்கிறவனுக்குப் பெரிய வரம். இரண்டு சேனலுக்கும் தனித்தனி அட்டை, இரண்டும் ஒரே மாதிரி, செருகிக் கழற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளை உருவி, ஓரத்தில் இருக்கும் செம்புப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை செய்யுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. மேலே இருக்கும் மெல்லிய பூச்சு ஒருமுறை போனால் அடுத்த வாடைக் காற்றுக்குள் மறுபடி பச்சை பிடிக்கும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கமும் இங்கே உண்டு. அந்தப் பிசுக்கில் தூசியும் உப்பும் சேர்ந்து களியாகிவிடும். வால்யூமுக்கும் புஷ்-பட்டன்களுக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பலமுறை திருகுங்கள், அழுத்துங்கள்.

அப்புறமும் வலது பக்கம் போனால் இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு இடது பக்கம் தாவினால் அட்டையில் குறை. வலதிலேயே நின்றால் சாக்கெட்டிலோ சுவிட்சிலோ வயரிலோ குறை. கால் மணி நேரத்தில் பாதி வேலை முடிந்தது.

இப்போதுதான் கண்டென்சர் பேச்சு. எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களுக்கு வயதாகும், உள்ளே காயும், அதில் சந்தேகமில்லை. பவர் சப்ளையில் இருப்பவற்றை முதலில் மாற்றலாம். சிக்னல் வழியில் இருப்பவற்றை அளந்து பார்த்து மாற்றலாம். ஆனால் டோனையும் ஃபில்டரையும் தீர்மானிக்கும் சின்ன பாலிஸ்டைரீன், ஃபிலிம் கண்டென்சர்களைத் தொடவிடாதீர்கள். அவை சாதாரணமாகக் கெடுவதில்லை. கைக்குக் கிடைத்த மதிப்பைப் போட்டால் இடதும் வலதும் வேறு வேறு குரலில் பாடும். டிரான்சிஸ்டரை உஸ் என்ற இரைச்சல் வந்தால் மட்டும் பாருங்கள். கழற்றியது எதுவானாலும் ஒரு கவரில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் வாப்பாவின் செட். இப்படி எழுதி வைக்காத கடைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பல வருடம் தூங்கிய 303-ஐ நேராக மெயின்ஸில் போடாமல், பழைய 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் (மின்சாரம் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி) வைத்துப் போடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ப்ரீ-ஆம்ப் இழுப்பது கொஞ்சம், அதற்கு 25 வாட் பல்பு போதும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

கேள்வி: மராண்ட்ஸ் 7, மெக்கின்டாஷ் சி22, குவாட் 33, இவற்றில் எது உசத்தி? நண்பர் வீட்டில் குவாட் 33-ஐயும் என் ஜப்பான் ப்ரீ-ஆம்பையும் ஒரே புது பவர் ஆம்பில் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஜப்பான்தான் கம்பீரமாக இருந்தது. (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: அந்தக் கம்பீரம் சத்தத்தால் வந்திருக்கலாம். குவாட் 33-ன் வெளியீடு 0.5 வோல்ட், 303-க்கு அளவெடுத்துச் செய்தது. இப்போதைய பவர் ஆம்ப் முழுச் சத்தம் தர அதைவிட அதிகம் கேட்கும். அதனால் குவாட் அடங்கி ஒலிக்கும். இரண்டில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதைத்தான் காது 'தெளிவு' என்று சொல்லும், எவ்வளவு தேர்ந்த காதானாலும்.

ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். போனில் 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டி மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். சாதாரண மீட்டர்கள் இந்த அதிர்வெண்ணில் ஓரளவு சரியாகக் காட்டும், மேலே போனால் பொய் சொல்லும். இரண்டு ப்ரீ-ஆம்பிலும் ஒரே 2 வோல்ட் வருமாறு வால்யூமை வையுங்கள். 2.02 வந்தாலே 0.1 டெசிபல் கூடுதல், அதற்குள் நிறுத்தப் பாருங்கள். டோன் கன்ட்ரோல் எல்லாம் நடுவில். மாற்றிச் செருகுகிற ஆள் எது ஓடுகிறது என்று சொல்லக்கூடாது. ஒரே பாட்டு, ஒரே இடம்.

மராண்ட்ஸ் 7 ஐம்பதுகளின் கடைசியில் வந்தது, சி22 அறுபதுகளில். இரண்டிலும் ஆறு ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள். இரண்டும் அருமையான செட். ஆனால் செப்பனிடாத மராண்ட்ஸை வைத்து 'வால்வு ஒலி இப்படித்தான்' என்று தீர்ப்புச் சொல்வது தவறு. அந்தக் காலத்துப் பேப்பர் கண்டென்சர்கள் டி.சி.யை ஒழுகவிடும். அடுத்த வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) ஒரு வோல்ட் ஏறினாலே ஒலி தடித்துவிடும். அப்போது நீங்கள் கேட்பது மராண்ட்ஸை அல்ல, அதன் கோளாறை. பல பேர் அதையே 'இனிமை' என்று நினைத்து நல்ல செட்டைக் குறைசொல்கிறார்கள் அல்லது கெட்ட செட்டைப் புகழ்கிறார்கள். இரண்டையும் கேட்டால் எனக்கு மனசு கஷ்டப்படும்.

எனக்குப் பிடித்தது எது என்றால் குவாட் 33. நம் வீடுகளில் இருப்பது தேய்ந்த இசைத்தட்டுகள். குவாட்டின் ஃபில்டரில் எந்த அதிர்வெண்ணிலிருந்து குறைக்க வேண்டும், எவ்வளவு சரிவாகக் குறைக்க வேண்டும் என்று இரண்டையும் நாமே வைக்கலாம். கீறல் சத்தம் அடங்கும், பாடுகிறவரின் குரல் தங்கும். இவ்வளவு யோசித்துச் செய்த ஃபில்டர் மற்ற இரண்டிலும் கிடையாது.

கேள்வி: வீட்டில் நாகூர் ஹனிபா இசைத்தட்டுகள் நிறைய இருக்கின்றன. பழைய சூட்கேஸ் பிளேயரை ப்ரீ-ஆம்பின் போனோவில் (இசைத்தட்டுக்கான வழி) செருகினால் ஒரே முழக்கம், ஆக்ஸில் (பொது வழி) செருகினால் அடிச்சத்தமே இல்லை. ப்ரீ-ஆம்ப் கெட்டுவிட்டதா? (வாசகி, பெரியபட்டினம்)

பதில்: இல்லை அம்மா, அது நன்றாகத்தான் இருக்கிறது. சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் பிக்கப் இருக்கும். போனோ வழி மேக்னெடிக் பிக்கப்புக்கு உரியது. இசைத்தட்டை வெட்டும்போது அடிச்சத்தத்தைக் குறைத்து மேல்சத்தத்தைக் கூட்டுகிறார்கள். 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம்) கணக்குப்படி போனோ வழி 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் தூக்கி, 20 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அவ்வளவே இறக்கி அதைச் சரிசெய்யும். செராமிக்குக்கு இந்தத் திருத்தம் தேவையே இல்லை. போதாக்குறைக்கு அது தரும் வோல்ட்டேஜும் பல மடங்கு. அதனால்தான் முழக்கம்.

ஆக்ஸில் அடிச்சத்தம் போவதற்குக் காரணம் வேறு. செராமிக் பிக்கப் தன் எதிரே 10 லட்சம் ஓம் அளவுக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும் என்று கேட்கும். ஆக்ஸில் 1 லட்சம் ஓம் இருந்தாலே அதிகம். நடுவில் ஒற்றை எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போட்ட சின்ன பஃபர், அதாவது பிக்கப்புக்கு அந்த எதிர்ப்பைக் காட்டும் இடைச் சர்க்யூட், வைத்தால் தீர்ந்தது, எந்த ரேடியோ மெக்கானிக்கும் செய்துகொடுப்பார்.

தட்டுகளில் 78 வேகத்துத் தட்டு இருந்தால் அதற்குத் தனி ஊசி வேண்டும். 78-ன் பள்ளத்துக்கு முனை 75 மைக்ரான் அளவு, எல்.பி.க்கு 18 மைக்ரான். எல்.பி. ஊசி 78-ன் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அழுக்கைத்தான் படிக்கும். ப்ரீ-ஆம்பை மோனோவில் வையுங்கள், மேலும் கீழுமாக ஊசி ஆடுவதால் வரும் சத்தம் ஒன்றையொன்று அடித்துப்போய்விடும். ஹனிபாவின் குரல் சுத்தமாக எழுந்து நிற்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மாமா டைனகோ பிஏஎஸ்-3 வால்வு ப்ரீ-ஆம்ப் ஒன்று கொடுத்தார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா? (வாசகர், தொண்டி)

பதில்: அது மட்டும் போதாது. ப்ரீ-ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது, நம் மின்சாரம் 50. அதே வோல்ட்டேஜில் அதன் இரும்புக் கோர் கூடுதலாகச் சூடேறும். 120 வோல்ட் கொடுக்காதீர்கள், 110 கொடுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கையும் பிடுங்கியபின் தொட்டுப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் 230-க்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொள்வதுதான் நல்லது.

உள்ளே நான்கு 12ஏஎக்ஸ்7, ரெக்டிஃபையராக (ஏ.சி.யை டி.சி. ஆக்குவது) ஒரு 12எக்ஸ்4. வால்வுகளைச் சூடாக்கும் ஃபிலமென்ட் மின்சாரத்துக்கு ஒரு செலினியம் ரெக்டிஃபையர். அதை முதலில் மாற்றுங்கள், எரிந்தால் வரும் புகை நாற்றமும் நஞ்சும். சிலிக்கான் டயோடு போட்டால் வோல்ட்டேஜ் ஏறும், ஆகவே சீரிஸில் ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பழைய அளவுக்கே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வால்வுகள் சீக்கிரம் சாகும்.

உங்கள் பவர் ஆம்பின் உள்ளீடு எத்தனை ஓம் என்று பாருங்கள். ப்ரீ-ஆம்பின் வெளியீட்டுக் கண்டென்சர் 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 1 லட்சம் ஓமில் 16 ஹெர்ட்ஸ்வரை அடிச்சத்தம் தங்கும். இப்போதைய ஆம்ப்களில் இருக்கும் 10,000 ஓமில் 160 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கிவிடும். வால்வு செட்டில் பேஸ் இல்லை என்று வருகிற புகார்கள் பலவற்றுக்கும் இந்தக் கணக்குதான் விடை.

இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்: உள்ளே 300 வோல்ட் அளவுக்கு டி.சி. இருக்கிறது, அணைத்த பின்னும் கண்டென்சரில் நிற்கும். 22,000 ஓம், 2 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லை என்றால் வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: ரிக்கார்டு போட்டால் மட்டும் 'ம்' என்று ஹம் வருகிறது. (வாசகர், பாம்பன்)

பதில்: டேப்பிலும் ஆக்ஸிலும் இல்லாமல் போனோவில் மட்டும் என்றால் பிளேயரின் எர்த் வயரைப் பாருங்கள். ப்ரீ-ஆம்பின் பின்னால் அதற்குரிய திருகு துருப்பிடித்திருக்கும். எல்லா வழியிலும் வந்தால் ஒலியைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஆழமாக இருக்கும், அது எர்த் அல்லது வயர் ஓடும் பாதையின் குறை. 100 ஹெர்ட்ஸ் கொஞ்சம் உறுமும், அது பவர் சப்ளைக் கண்டென்சர் காய்ந்ததன் அடையாளம். ஹம் போக வேண்டும் என்று மூன்று முள் பிளக்கின் எர்த்தை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: செப்பனிட்ட செட்டைக் கடற்கரை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். கதவு இறுக மூடும் அலமாரி நல்லது, ஆனால் பாட்டுக் கேட்கும்போது கதவு திறந்திருக்கட்டும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள், நீலம் போய் இளஞ்சிவப்பானால் சூடாக்கித் திரும்பப் போடலாம். பாலித்தீனில் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி போதும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.