கேள்வி – பதில்: கேம் சர்வரில் தடை, கையில் ஒரு லாக்

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றில் தடை மேல்முறையீடுகளைப் படித்துப் பதில் சொல்வது என் பொறுப்பு என்று முன்பு ஒரு முறை இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மைன்கிராஃப்ட் சர்வைவல் சர்வரில் நண்பர்களோடு ஆடி வந்தேன். போன வெள்ளிக்கிழமை இரவு திடீரென்று என்னை வெளியே தள்ளி, 'ஃப்ளை ஹேக்' (திருட்டு நிரல் போட்டுப் பறப்பது) என்று நிரந்தரமாகத் தடை போட்டுவிட்டார்கள். நான் எந்த ஹேக்கும் போடவில்லை. அன்றைக்கு சர்வரே விட்டு விட்டுத்தான் ஓடியது. என் கணினியில் இருக்கும் லாக் கோப்பை அப்படியே அனுப்பினால் நம்புவார்களா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: நம்ப மாட்டார்கள், தம்பி. நம்பவும் கூடாது. லாக் என்பது நடந்ததை நேரத்தோடு வரிவரியாகக் குறித்து வைக்கும் பதிவு. உங்கள் கணினியில் இருப்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து ஒரு வரியை அழித்தால், அழித்த தடமே இருக்காது. ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் இப்படி ஒரு கோப்பு வரும். உண்மையாக ஆடியவரும் அனுப்புவார், திருத்தியவரும் அனுப்புவார்.

உங்களுக்கு வேண்டிய சாட்சி சர்வரை நடத்தும் அட்மினிடமே இருக்கிறது. சர்வர் தானாக எழுதிய லாக்கில் நீங்கள் கை வைக்க முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு. அந்தப் பெரிய கோப்பில் எந்த நிமிடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பதற்குத்தான் உங்கள் லாக் உதவும்.

முதலில் உங்கள் பக்கத்தை எடுத்து வையுங்கள். மைன்கிராஃப்ட் கோப்புறைக்குள் 'லாக்ஸ்' என்று ஒன்று இருக்கும். கடைசியாக ஆடியது 'லேட்டஸ்ட்' என்ற பெயரிலும், பழையவை தேதியும் வரிசை எண்ணும் போட்டுச் சுருக்கப்பட்டும் கிடக்கும். வெள்ளிக்கிழமைக் கோப்பை வேறு இடத்தில் நகல் எடுங்கள். அதில் நீங்கள் சர்வரில் நுழைந்த நேரம், திரையில் வந்த சாட் வரிகள், வெளியே தள்ளப்பட்ட நேரம் எல்லாம் இருக்கும். நீங்கள் எங்கே நடந்தீர்கள், எப்படிக் குதித்தீர்கள் என்பது இருக்காது. அசைவைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு உங்கள் கோப்பில் நேரடிப் பதிலே கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். நல்ல மேல்முறையீடுகள் தோற்றுப்போகும் இடம் இதுதான். சர்வர் லாக்கின் ஒவ்வொரு வரியிலும் மணி, நிமிடம், விநாடி மட்டும்தான் இருக்கும். தேதி கோப்பின் பெயரில் இருக்கும். எந்த நாட்டு நேரம் என்பது எங்குமே இருக்காது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்களுக்கு இரவு 9:10 என்றால் அங்கே 11:40. உங்களுக்கு 9:30 அடித்தால் அங்கே மறுநாள் பிறந்துவிடும், லாக்கும் வேறு தேதிக் கோப்புக்குப் போய்விடும். 'வெள்ளி இரவு பத்து மணி' என்று நீங்கள் எழுதினால், அட்மின் வெள்ளிக்கிழமைக் கோப்பைத் திறந்து, அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை என்று மூடிவிடுவார். சர்வர் இயந்திரம் சிங்கப்பூரில் இருந்தாலும் அதன் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருப்பவர்களும் உண்டு. அப்போது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். ஆகவே இந்திய நேரத்தையும் பொது நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

தடைப் பதிவைக் கேளுங்கள். சர்வர் அதைத் தனிக் கோப்பில் வைத்திருக்கும்: யாருக்குத் தடை, யார் போட்டது, எப்போது, எதுவரை, காரணம் என்ன. சாதாரண லாக் வரியில் இல்லாத நேர மண்டலம் இந்தப் பதிவில் இருக்கும். இதைப் பார்த்தாலே சர்வரின் கடிகாரம் எது என்பது தெரிந்துவிடும். தடையைப் போட்டது ஒரு மனிதரா, ஏமாற்று ஆட்டத்தைத் தானாகப் பிடிக்கும் ஆன்டிசீட் நிரலா என்பதும் தெரியும்.

இப்போது அந்த நிமிடத்துக்கு வருவோம். சர்வர் விட்டு விட்டு ஓடியது என்கிறீர்கள். மைன்கிராஃப்ட் சர்வர் விநாடிக்கு 20 டிக் (ஆட்டத்தின் ஒரு துடிப்பு) ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லி விநாடி. இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கினால், 'கான்ட் கீப் அப்' என்று தொடங்கும் எச்சரிக்கையை அதுவே லாக்கில் எழுதும். எத்தனை மில்லி விநாடி, எத்தனை டிக் பின்தங்கியது என்ற கணக்கும் கூடவே வரும். உங்களை வெளியே தள்ளியதற்கு முந்தைய ஓரிரு நிமிடத்தில் இந்த வரி இருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். அதைவிடப் பெரிய பலம் இன்னொன்று: அதே நிமிடத்தில் வேறு ஆட்டக்காரர்களின் பெயரோடும் 'மூவ்டு டூ குயிக்லி' (மிக வேகமாக நகர்ந்தார்), 'மூவ்டு ராங்லி' (தவறாக நகர்ந்தார்) என்ற வரிகள் வந்திருப்பது. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஹேக் போட்டார்கள் என்று எந்த அட்மினும் நினைக்க மாட்டார்.

பறப்பதற்கு அனுமதி இல்லாத சர்வரில், ஒருவர் ஏறத்தாழ 80 டிக், அதாவது நான்கு விநாடி அந்தரத்தில் நின்றால், 'ஃப்ளோட்டிங் டூ லாங்' என்று எழுதிவிட்டு சர்வரே வெளியே தள்ளும். அது வெறும் வெளியேற்றம், தடை வேறு. உங்கள் விஷயத்தில் இரண்டும் எத்தனை விநாடி இடைவெளியில் நடந்தன என்று பார்க்கச் சொல்லுங்கள். உடனே விழுந்த தடை என்றால், அதை எந்த மனிதரும் பார்த்துப் போட்டிருக்க வாய்ப்பு குறைவு.

மேல்முறையீட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இவ்வளவு போதும்: 'என் ஆட்டப் பெயர் இது, கணக்கின் யுயுஐடி (தனி அடையாள எண்) இது. இந்தத் தேதி, இந்திய நேரம் 21:10, பொது நேரம் 15:40. அப்போது என் வீட்டுக் கோபுரத்தின் உச்சியில் இருந்தேன், இடம் இது. அதற்கு முன் சர்வர் தடுமாறியது, சாட்டில் மற்றவர்களும் சொன்னார்கள். 15:35 முதல் 15:42 வரை சர்வர் லாக்கில் பின்தங்கல் எச்சரிக்கையும் மற்றவர்களின் அசைவு எச்சரிக்கையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுகிறேன். என் பக்கத்து லாக்கின் அந்தப் பகுதியை இணைத்திருக்கிறேன்.' எண்களை உங்கள் நிகழ்வுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தடை போட்டவரைத் திட்டும் வரி வேண்டாம். 'என் நண்பர்கள் சாட்சி' என்பதும் வேண்டாம், அதை யாரும் எடைபோட மாட்டார்கள்.

இணைக்குமுன் இரண்டு விஷயம். கோப்புப் பாதைகளில் உங்கள் விண்டோஸ் கணக்குப் பெயர் தெரியும். பலரும் முழுப் பெயரையே அங்கே வைத்திருப்பார்கள். அதை மறைத்து, மறைத்ததைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, நீங்கள் ஆட்டத்தோடு மாட் எனும் கூடுதல் நிரல்களைச் சேர்க்கும் ஃபேப்ரிக் போன்ற மாட் லோடர் வைத்திருந்தால், தொடக்கத்திலேயே போட்டிருக்கும் மாட்கள் அனைத்தின் பட்டியலையும் அது லாக்கில் எழுதும். அந்தப் பட்டியலை வெட்டிவிட்டு அனுப்பினால் எனக்கு உடனே சந்தேகம் வரும். முழுதாக வையுங்கள். அதில் காட்டக்கூடாத ஒன்று இருந்தால், இந்த மேல்முறையீட்டை எழுதவே வேண்டாம்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. அவன் பள்ளி நண்பர்கள் ஆடும் சர்வரில் முதல் முறையாக நுழைந்தபோதே 'உங்கள் ஐபி தடை செய்யப்பட்டுள்ளது' என்று வந்ததாம். இதுவரை அங்கே ஆடியதே இல்லை என்று அழுகிறான். அவன் சொல்வதை நம்பலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: நம்பலாம், சகோதரி. ஐபி முகவரி என்பது உங்கள் மகனுக்கு உரியதல்ல, இணைப்புக்கு உரியது. நம் நாட்டு மொபைல் இணைப்புகளிலும் பல வீட்டு இணைப்புகளிலும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்கள் இருப்பார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்களுடையது அப்படிப்பட்ட பகிர்வு இணைப்பு. 2012இல் அதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. யாரோ ஒருவர் செய்த தவறுக்கு அட்மின் அந்த முகவரியைத் தடுத்திருக்கலாம்.

மகனின் ஆட்டப் பெயரைக் கொடுத்து, 'இந்தக் கணக்கு இதற்கு முன் உங்கள் லாக்கில் எங்காவது வருகிறதா பாருங்கள்' என்று கேட்கச் சொல்லுங்கள். வராது. ஒரு எச்சரிக்கை: சில அட்மின்கள் 'ஒயிட்லிஸ்ட்டில் (அனுமதிப் பட்டியலில்) சேர்த்துவிட்டேன், வா' என்பார்கள். அடிப்படை மைன்கிராஃப்ட் சர்வரில் அது மட்டும் போதாது. ஐபி தடையையும் தனியாக நீக்கினால்தான் கதவு திறக்கும்.

கேள்வி: நான் ஒரு சிறிய சர்வர் நடத்துகிறேன். ஒருவர் இன்னொருவரின் பெட்டியைக் காலி செய்ததாகத் தடை போட்டேன். 'லாக்கில் என் பெயர் இருக்கலாம், ஆனால் அது நான் இல்லை' என்று மேல்முறையீடு செய்திருக்கிறார். என்ன செய்வது?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்கள் சர்வர் ஆன்லைன் மோடில் ஓடுகிறதா? எல்லாம் அதைப் பொறுத்தது. ஆஃப்லைன் மோடில் கணக்கைச் சரிபார்க்க யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் நுழையலாம். நுழைவுக்குக் கடவுச்சொல் கேட்கும் பிளகின் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்) இல்லாவிட்டால், அவர் சொல்வதை மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை. தடையை எடுத்துவிடுங்கள்.

எந்த மோடில் நடந்தது என்பதை யுயுஐடியே சொல்லும். கோடுகளால் பிரிந்த மூன்றாவது தொகுதி 4 என்று தொடங்கினால் உண்மையான கணக்கு. 3 என்று தொடங்கினால் பெயரிலிருந்து சர்வர் தானே செய்துகொண்ட எண்.

ஆன்லைன் மோடு என்றால் அந்தக் கணக்குதான் நுழைந்தது. விசைப்பலகையில் இருந்தது யார் என்பதை லாக் சொல்லாது. நுழைவு வரியில் உள்ள ஐபி வழக்கமானதா, புதியதா என்று பாருங்கள். கோர்புரொடெக்ட் பிளகின் வைத்திருந்தால், பெட்டியில் யார் என்ன எடுத்தார், வைத்தார் என்று பொருள்வாரியாகக் காட்டும். பெட்டியின் உரிமையாளர் அதற்கு முன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்தாரா என்று சாட் லாக்கையும் படியுங்கள். 'எடுத்துக்கோ' என்று சொல்லிவிட்டு மறுநாள் புகார் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன் அந்த நாளின் லாக்கை நகல் எடுத்து வையுங்கள். மேல்முறையீடு முடியும்வரை எதையும் அழிக்காதீர்கள். தடைக்காரணப் பெட்டியை இனிமேல் வெறுமையாக விடாதீர்கள். காரணம் எழுதாவிட்டால் 'ஆபரேட்டரால் தடை' என்ற பொது வரிதான் பதிவாகும், தடுக்கப்பட்டவருக்கு எதை எதிர்த்து வாதாடுவது என்றே புரியாது.

கேள்வி: கவுன்டர் ஸ்ட்ரைக்கில் வாக் தடை வாங்கிய என் தம்பிக்கும் இதே வழி உதவுமா?
– சேலம் வாசகர்

பதில்: உதவாது. வாக் தடை என்பது, கவுன்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின், ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் தானியங்கி முறை போடுவது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவு அதை நீக்காது, பேசித் தீர்க்கவும் இடமில்லை என்று வால்வே சொல்கிறது. தவறு என்று அவர்களே கண்டறிந்தால் மட்டும் தானாக நீங்கும். அப்படி நீங்கியதும் உண்டு. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேருக்குத் தவறாகத் தடை விழுந்து, பிறகு நீக்கப்பட்டது. 2023 அக்டோபரில் ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டின் ஆன்டி-லேக் பிளஸ் வசதியைப் போட்டதற்காகவே கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடியவர்களுக்குத் தடை வந்தது. ஏஎம்டி அந்த வசதியைத் திரும்பப் பெற்றது, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து தடையை நீக்குவதாக வால்வ் அறிவித்தது. தம்பியின் கணினியில் அன்றைக்கு எந்த டிரைவர், எந்த மேலடுக்கு மென்பொருள் ஓடியது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

தடை போட்டது வால்வ் அல்ல, யாரோ தனியாக நடத்தும் கம்யூனிட்டி சர்வர் என்றால் நிலைமை வேறு. அங்கே லாக்கோடு ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க உதவும் டெமோ பதிவையும் கேளுங்கள், ரவுண்டு எண்ணைக் குறிப்பிட்டு.