சமையக்கட்டு ஒடையுது, குடும்பம் உள்ளயே இருக்கு: கேட்ட கேள்வியும் என் பதிலும்

தீபாவளிக்கு மூணு மாசம் இருக்கும்போதே மலேசியா பேராக்ல நம்ம சுங்கை சிப்புட்ல எல்லாருக்கும் வீட்ட ஒடைக்கணும்னு தோணிடும். தோட்டத்து லயத்துலேர்ந்து (தொழிலாளிங்க வரிசை வீடு) டாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவங்க, அப்பா காலத்துல வாங்குன லோ காஸ்ட் வீடு, இப்ப பிள்ளைங்க சம்பாதிக்குது, கிச்சன பெருசாக்கணும் பாத்ரூம மாத்தணும்னு ஆசை. வாடகைக்கு வேற வீடு எடுத்து தங்குறதுக்கு காசு யார்கிட்ட இருக்கு, அதனால உள்ளயே இருந்துக்கிட்டு தான் செய்வாங்க. செய்யலாம், தப்பே இல்ல. ஆனா நான் டைல்ஸ் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து ஒன்னே ஒன்னு தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்: வேலையாளுங்க சாயந்தரம் கிளம்பும்போது தண்ணி, ஜம்பான் (கக்கூஸ்), அடுப்பு இந்த மூணும் ஒரே ராத்திரியில நிக்கக்கூடாது. காப்பிக்கடையிலயும் கோயில்லயும் போன்லயும் கேட்டதுல சிலத இங்க எழுதுறேன்.

எங்க வீட்ல ஒரு பாத்ரூம், ஒரு ஜம்பான், பக்கத்து பக்கத்துல. கன்ட்ராக்டர் ரெண்டையும் ஒரே நாள்ல ஒடைச்சா சீக்கிரம் முடியும்னு சொல்றாரு. சரியா அண்ணே?

அவருக்கு சீக்கிரம் முடியும், உங்களுக்கு இல்ல. ரெண்டும் தனித்தனி ரூமா இருக்கறது உங்க அதிர்ஷ்டம்மா, அத விட்டுறாதீங்க. மொதல்ல பாத்ரூம முடிங்க, அந்த நாள்ல ஜம்பான்குள்ளயே வாளி வச்சு குளிச்சுக்கலாம். பாத்ரூம் டைல்ஸ் ஒட்டி குறைஞ்சது 24 மணி நேரம் யாரும் மிதிக்காம விட்டு, பைப்புல தண்ணி வந்த பிறகு தான் ஜம்பான்ல சுத்தியல் விழணும். ஜம்பான் வேலை நடக்கும்போது ரெண்டு மூணு நாளு பக்கத்து வீட்ட கேட்டு தான் ஆகணும், அத முன்கூட்டியே போய் சொல்லிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கதவ தட்டி சொல்லாதீங்க. கூலி கொஞ்சம் கூட கேப்பாரு, ஏன்னா அவரு ஆளுங்க ரெண்டு வாட்டி வரணும். கொடுத்துடுங்க.

இன்னொன்னு, மிச்ச சிமிந்தி கரைச்ச வாளிய ஜம்பான்ல ஊத்த விடாதீங்க. நான் புதுசுல ஒரு வீட்ல அப்படி ஊத்திட்டு மறுநாள் என் சொந்த காசுல பைப்ப ஒடைச்சு மாத்துனேன், உள்ள கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு.

அம்மாவுக்கு 78 வயசு, முட்டி வலி. குந்துற ஜம்பான எடுத்துட்டு உக்கார்றது போடணும். கடையில ஆஃபர்ல ஒன்னு பாத்தோம், வாங்கிடலாமா?

வாங்காதீங்க, மொதல்ல அளவு எடுங்க. தரையில போற பைப்பு ஓட்டையோட நடுவுலேர்ந்து பின்னாடி சுவரு வரைக்கும் எவ்வளவுன்னு பாக்கணும். 6 இன்ச்சு, 8, 10, 12ன்னு வரும், ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு அளவுக்கு தான் உக்காரும். அதுவும் சுவத்துல புது டைல்ஸ் ஒட்டுன பிறகு இருக்குற அளவு தான் கணக்கு, பழைய சுவத்துலேர்ந்து அளந்துட்டு போனா டைல்ஸும் சாந்தும் சேர்ந்து ஒரு இன்ச்சு சாப்பிட்டுடும், அப்புறம் தொட்டி பின்னால இடிக்கும். ஆஃபர் சாமான திருப்பி எடுத்துக்க மாட்டான்.

இத விட பெரிய விஷயம் ஒன்னு இருக்கு, நெறைய பேரு கவனிக்கறதில்ல. குந்துற ஜம்பானுக்கு கீழ கான்கிரீட்டுக்குள்ள ஒரு வளைவு இருக்கும், தண்ணி நின்னு நாத்தத்த தடுக்குறது அது தான். உக்கார்ற ஜம்பானுக்கு அந்த வளைவு அதோட வயித்துக்குள்ளயே இருக்கு. பழசோட வளைவ எடுக்காம அது மேலயே புதுச வச்சா ரெண்டு வளைவுக்கு நடுவுல காத்து மாட்டிக்கும், ஃப்ளஷ் பண்ணா குடுகுடுன்னு சத்தம் போட்டுக்கிட்டு மெதுவா தான் எறங்கும், மூணு வாட்டி அடிச்சா தான் போகும். சோம்பேறி ஆளு தோண்டாம மூடிட்டு போயிடுவான், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.

அம்மாவுக்காக இன்னும் ரெண்டு சொல்லணும். பழைய தரை டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டுறேன்னு சொன்னா தரை அரை இன்ச்சுக்கு மேல ஏறிடும், அப்புறம் தண்ணி ஹாலுக்கு வரும், இல்லன்னா வாசல்ல திண்டு கட்டுவாங்க, அந்த திண்டுல தான் வயசானவங்க கால் தடுக்கும். ஒடைச்சுட்டு ஒட்டுங்க. சொரசொரப்பு டைல்ஸ் எடுங்க, கடையில நின்னு பாக்காதீங்க, ஒரு துண்டு வாங்கி வந்து சோப்பு தண்ணி ஊத்தி வெறுங்காலால தேச்சு பாருங்க. கைப்பிடிய செங்கல் சுவத்துல துளை போட்டு திருகாணியால முடுக்கணும், ஒட்டுறது ரப்பர்ல வர்றதெல்லாம் வேணாம். வேலை நடக்குற நாளுக்கு, ஃபார்மசியில விக்கிற சட்டி வச்ச நாற்காலி ஒன்னு வாங்கி ரூம்ல வச்சிடுங்க, ராத்திரியில அம்மா இடிபாட்டுல நடக்க வேணாம்.

பாத்ரூம் தரையில வாட்டர்ப்ரூஃப் (தண்ணி கசியாத பூச்சு) அடிச்சாச்சு, நாளைக்கே டைல்ஸ் ஒட்டலாம்னு சொல்றாங்க, எப்படி நம்புறது?

நம்பாதீங்க, தண்ணி கட்டி பாருங்க. டப்பாவுல போட்டிருக்குற நேரம் காஞ்ச பிறகு, பழைய துணிய பிளாஸ்டிக் பையில சுருட்டி தண்ணி போற ஓட்டைய இறுக்கமா அடைச்சுட்டு, வாசல்ல தண்ணி தாண்டாத மாதிரி சிமிந்தியால சின்ன வரப்பு கட்டிட்டு, ஒரு இன்ச்சு தண்ணி நிறுத்துங்க. சுவத்துல தண்ணி மட்டத்துக்கு பென்சில்ல ஒரு கோடு. 24 மணி நேரம் அப்படியே விடுங்க. கொஞ்சூண்டு எறங்குனா வெயிலு காத்துன்னு விட்டுடலாம், கோட்டுக்கு கீழ தெளிவா எறங்கியிருந்தா எங்கயோ போகுது. நம்ம வீடெல்லாம் ஒத்த மாடி, கீழ வீடு இல்ல, அதனால ஒழுகுறது சீலிங்ல தெரியாது. பாத்ரூமுக்கு அடுத்த ரூம்ல, அலமாரிய நகத்திட்டு சுவத்தோட அடிய கையால தடவி பாருங்க, ஜில்லுன்னு ஈரமா இருந்தா, பெயிண்ட் சின்ன சின்ன கொப்புளமா எழும்பியிருந்தா அது தான் சாட்சி. பெரும்பாலும் சுவரும் தரையும் சேர்ற மூலையில தான் போகும், அங்க தான் அவசரத்துல பிரஷ் சரியா தொட்டிருக்காது.

இதுக்காக ஒரு நாள் குளிக்காம இருக்கணுமேன்னு கேப்பீங்க. ஆமா, இருக்கணும்.

கைக்குழந்தை இருக்கு, மூத்தவனுக்கு ஆஸ்மா. தூசிய எப்படி தடுக்குறது?

முழுசா தடுக்க முடியாது, குறைக்கலாம். டைல்ஸ வீட்டுக்குள்ள வச்சு அறுக்க விடாதீங்க, போர்ச்சுல வச்சு, தண்ணி விட்டு அறுக்க சொல்லுங்க. காஞ்ச கல்ல அறுக்கும்போது வர்ற அந்த மாவு மாதிரி தூசியில சிலிக்கா இருக்கு, அது நுரையீரல் அடி வரைக்கும் போய் தங்கிடும், எங்க தொழில்ல அதனால நெஞ்சு கெட்டவங்க உண்டு. கிச்சன் வாசல்ல பிளாஸ்டிக் ஷீட்ட மேல கீழ டேப் போட்டு ஒட்டி, கிச்சன் ஜன்னல்ல ஸ்டாண்ட் ஃபேன வெளிய பாத்து வைங்க. நெறைய வீட்ல ஃபேன உள்ள பாத்து வச்சு வேலையாளுக்கு காத்து விடுறாங்க, பூரா தூசியும் ஹாலுக்கு தான் வரும். வெளக்கமாத்தால கூட்டாதீங்க, ஈர மாப்பு போடுங்க. ஹேக்கிங் (பழைய டைல்ஸ ஒடைக்கிறது) நடக்குற அந்த ரெண்டு நாளு மட்டும் பிள்ளைங்கள பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க, எல்லா ஷீட்ட விடவும் அது நல்லது.

பழைய வீட்டு கூரையோ சீலிங்கோ ஆஸ்பெஸ்டாஸ் தகடா இருந்தா அத ஒடைக்கவே கூடாது, காஞ்சதா அறுக்கவும் கூடாது. தெரிஞ்ச ஆள கூப்புட்டு முழு தகடா எறக்குங்க.

கிச்சன் மூணு வாரம் இருக்காது. கேஸ் அடுப்ப ஹாலுக்கு கொண்டு வரலாமா?

வேணாம். கேஸ் காத்த விட கனமானது, கசிஞ்சா தரையில தான் படரும், மூடுன ஹால்ல அது எங்க போகும். பின்னாடி கூரைக்கு கீழ காத்தோட்டமா வைங்க, கேஸ் தோங்க (சிலிண்டர) நிமித்தி வைங்க, லோங்காங் (சாக்கடை) பக்கத்துல வைக்காதீங்க, வேலையாளு கிரைண்டர் அடிக்கிற இடத்துலேர்ந்து நல்லா தள்ளி இருக்கட்டும். நகத்துன பிறகு ரப்பர் ட்யூபுல சோப்பு தண்ணி தடவி குமிழி வருதான்னு பாருங்க. ஹாலுக்கு ரைஸ் குக்கரும் இன்டக்ஷன் அடுப்பும் போதும், ஆனா ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகாதீங்க. ஒரு 13 ஆம்பியர் பிளக்கு தாங்குறது ஏறக்குறைய 3000 வாட்டு, இன்டக்ஷன் மட்டுமே 2000 எடுக்கும். ராத்திரிக்கு கடையில தாப்பாவ் (பார்சல்) வாங்குங்க, ரசம் மட்டும் வச்சா போதும். மூணு வாரத்துக்கு யாரும் இளைக்க மாட்டாங்க.

பைப்ப மூடுறதால ரெண்டு பெரிய தோங்குல (பீப்பாய்ல) தண்ணி புடிச்சு வச்சிருக்கோம். போதுமா?

போதும், ஆனா மூடி இருக்கா? போன மாசம் ஒரு வீட்ல டைல்ஸுக்கு தண்ணி எடுக்கப் போய் டார்ச் அடிச்சு பாத்தேன், மேலாக்க கமா மாதிரி புழுவெல்லாம் நெளிஞ்சுக்கிட்டு, வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்னா அடிக்கு எறங்குது. ஏடிஸ். முட்டையிலேர்ந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாளு போதும், அதனால அஞ்சு நாளைக்கு ஒருக்கா தோங்க காலி பண்ணுங்க. சும்மா கவுத்தா பத்தாது, முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல பக்க சுவத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், பிரஷ் போட்டு தேயுங்க. சிமிந்தி வாளி, கழட்டி போட்ட பழைய சிங்கு, ஃப்ளஷ் தொட்டி எல்லாத்தையும் கவுத்து வைங்க. சுகாதார ஆபீஸ்காரங்க வந்து பாத்தா 500 வெள்ளி (ரிங்கிட்) கம்பாவுண்ட் (அபராதம்), வீட்டுக்காரர் பேர்ல தான்.

கிச்சன பின்னாடி பத்து அடி இழுக்குறோம். மேன்ஹோல் உள்ள வந்துடும், டைல்ஸ் போட்டு மூடிடலாமா?

கூடவே கூடாது. செப்டிக் டேங்க் உள்ள வீடுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கசடு எடுக்கணும், மூடியே இல்லன்னா லோரி வந்து என்ன செய்யும்? இழுத்து கட்டுறதுக்கு கோலகங்சார் நகராண்மைக் கழகத்துல பிளான் அனுமதி வேணும், 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்களும் கட்டியிருக்காங்களேன்னு சொல்லாதீங்க. மொதல்ல பிளான், அப்புறம் செங்கல்.

பாதி காசு வாங்கிட்டு ஆளு போன எடுக்க மாட்டேங்கிறாரு.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு போங்க தம்பி. அஞ்சு வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம், மூணு வருஷத்துக்குள்ள பதியணும். ரசீது, வாட்ஸ்அப், வேலை நின்ன இடத்தோட படம், எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்க. அடுத்த ஆளுக்கு முன்பணம் கம்மியா கொடுங்க, ஒவ்வொரு வேலை முடிய முடிய கொடுங்க, கடைசி பங்க ஃப்ளஷ் அடிச்சு பாத்த பிறகு.

வாட்டர் ஹீட்டர் மாட்டணும், எலக்ட்ரிக் தெரிஞ்ச மாமா இருக்காரு.

மாமாவ காப்பி குடிக்க கூப்புடுங்க. ஹீட்டருக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் தான். ஈரமான இடத்துக்கு, கரண்ட் 10 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட்டாகுற பிரேக்கர் போடணும்னு நம்ம மின்சார விதியில இருக்கு, அது இருக்கான்னு காட்ட சொல்லுங்க, டெஸ்ட் பட்டன அமுக்கி கட்டாகுதான்னு உங்க கையாலயே பாருங்க.

சாமி மேடை கிச்சன் சுவத்துல இருக்கு, வேலை நடக்கும்போது விளக்கு ஏத்தலாமா?

எப்ப எடுக்கணும் எங்க வைக்கணும்னு ஐயர்கிட்ட கேளுங்க, அது என் வேலை இல்ல. நான் சொல்றது இது தான்: படங்கள வெள்ள துணியில சுத்தி ரூம்ல வச்சிடுங்க, இல்லன்னா குங்குமத்து மேல சிமிந்தி படிஞ்சு துடைக்க வராது. தின்னர், கோந்து, பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு சாயந்தரம் வீட்டுக்குள்ள நெருப்பே வேணாம், அந்த வாடை போற வரைக்கும் விளக்க வாசல்ல துளசிகிட்ட ஏத்துங்க.