அடித்தால் பொய் நிற்குமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பையனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. போன வாரம் வீடு கூட்டும்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் நாலாக மடித்த கணக்கு டெஸ்ட் பேப்பர் கிடைத்தது. 25க்கு 7. என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டெஸ்ட் பேப்பர் கொடுத்தாங்களாடா?" என்று கேட்டார். இல்லை என்றான். பெல்ட்டால் அடித்துவிட்டார். மாமியார் பையனை இழுத்துக்கொண்டு போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் எங்களுக்குத் தெரியாமல் பத்து ரூபாயும் கொடுத்திருக்கிறார்.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும். நானும் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், கெட்டா போயிட்டேன்?" என்கிறார் இவர். நாங்கள் முருங்கை விவசாயம்தான். நானும் இரண்டு மூன்று முறை கை நீட்டியிருக்கிறேன். அடிப்பது பிடிக்கவில்லை. அடிக்காமல் விட்டால் பொய் பழகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பெயர் வேண்டாம்,
ஆண்டிபட்டி பக்கம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டே கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பையன் உண்மையைச் சொன்னால் மார்க்குக்காக அடி. பொய் சொன்னால், ஒருவேளை தப்பிக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை தப்பிக்கும் வழியைத்தான் பிடிக்கும். தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோலக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். "பேப்பரைப் பார்த்தேன், எந்தக் கணக்கு வரலை, காட்டு" என்று கேட்டிருந்தால் அன்றைக்குப் பொய்க்கே வேலை இருந்திருக்காது.

என் அப்பாவும் அடிப்பார். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கோபமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ரேங்க் கார்டை எந்த நேரத்தில் நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பதும் எனக்கு அத்துப்படி. கணக்கு மட்டும் வரவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுபோல நானும் கெட்டுப்போகவில்லை. ஆனால் முப்பது வயதில் வேலை போனபோது மூன்று மாதம் அதை அப்பாவிடம் மறைத்தேன். தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தால் உதவியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமில்லை. கனடாவின் உளவியல் ஆய்வாளர்கள் விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் தப்புக்குப் பிரம்படி, கிள்ளு. இன்னொன்றில் கண்டிப்பதோடு சரி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளை உட்காரவைத்து முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. குழந்தை என்றால் அப்படித்தான். பிறகு "பார்த்தாயா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடி விழும் பள்ளியில் பொய் சொன்னவர்கள் அதிகம். அதோடு, அடுத்தடுத்த கேள்விகளிலும் மாட்டிக்கொள்ளாமல் பொய்யைக் காப்பாற்றும் சாமர்த்தியமும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. உங்கள் பயத்துக்கு இதுதான் என் பதில். அடிதான் பொய்யைப் பழக்குகிறது.

காந்தி பதினைந்து வயதில் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். மனசு கேட்காமல், தண்டனை கொடுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, படுக்கையில் நோயோடு கிடந்த அப்பாவிடம் கொடுத்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் வழிந்தது, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். இதுவரை பலருக்கும் தெரியும். இதற்கு முன்னால் காந்தி ஒன்றைச் சொல்கிறார்: அப்பா அடிப்பார் என்ற பயம் எனக்கு இல்லை, எங்களில் யாரையும் அவர் அடித்ததாக நினைவில்லை, அவருக்கு வலிக்குமே என்றுதான் பயந்தேன் என்று. இத்தனைக்கும் அந்த அப்பா கோபக்காரர். ஆனாலும் பிள்ளையால் அவரிடம் சீட்டை நீட்ட முடிந்தது.

அப்புறம் முருங்கை. உங்கள் வீட்டுக்காரருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். செடிமுருங்கை விதைத்து இரண்டு மாதத்தில், 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுகிறோம். பக்கக் கிளை வரவேண்டும் என்பதற்காக. அதற்கு நாள் உண்டு, அளவு உண்டு. கோபம் வந்த ராத்திரியில் யாரும் தோட்டத்துக்குப் போய் ஒடிப்பதில்லை. காய்ப்பு ஓய்ந்து கவாத்து செய்தாலும் உடனே உரம் வைத்துத் தண்ணீர் விடுகிறோம். ஒரு செடிக்கு இவ்வளவு யோசிக்கிற மனிதர் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பெல்ட்டை ஒரு ஆசிரியர் எடுத்திருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ம் பிரிவு தடுக்கிறது. வீட்டிலும் அதே உடம்புதானே.

அடிக்காதே என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடு என்று அர்த்தமில்லை. பெற்றோரின் கண்டிப்பைப் பற்றி 1960களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், வெறும் அதிகாரம், வெறும் செல்லம், இரண்டிலும் சேராமல் பிரியத்தோடும் காரணம் சொல்லியும் உறுதியாக நிற்பது என்று மூன்று விதம் பிரித்தார். பிள்ளைக்கு நல்லது மூன்றாவது என்றார். உங்கள் வீட்டில் முதல் இரண்டும் அடுத்தடுத்த அறையில் இருக்கின்றன. மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெல்ட்டுக்கு முன்னால் அவரால் முடிந்தது கதவைச் சாத்துவதுதான். "இனி யாரும் அடிக்க மாட்டோம் அத்தை, நீங்களும் எங்களுக்குத் தெரியாமல் எதுவும் கொடுக்காதீங்க" என்று பேசிப் பாருங்கள்.

பேப்பரை மறைத்ததற்கு விளைவு இருக்கட்டும். ஒரு மாதம், சாயங்காலம் டிவிக்கு முன்னால் அரைமணி நேரம் கணக்கு. அழுதாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட அப்பா உட்கார்ந்தால் நல்லது. மார்க்கெட்டுக்குக் காய் கட்டும் நாளில் எத்தனை கட்டு, எத்தனை கிலோ, என்ன விலை என்று பையனையே எழுதவிடச் சொல்லுங்கள். பெல்ட்டால் அடித்தது தப்பு என்று அவரே அவனிடம் சொல்ல வேண்டும். அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நீங்கள் கை நீட்டியதற்கு முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள், அவருக்குக் கொஞ்சம் சுலபமாகும்.

அடுத்த டெஸ்ட் பேப்பர் வந்ததும் எழுதுங்கள். மார்க் எவ்வளவு என்பதைவிட, அதை அவனே எடுத்து வந்து கொடுத்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருப்பேன்.