பழைய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் மாட்டுவது), டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) கோளாறு: கேள்வி பதில்

கேள்வி: கயிறு இழுத்தால் கையைப் பிடுங்குகிற மாதிரி திருப்பி அடிக்கிறது, கார்ப்பரேட்டர் வழியே துப்புகிறது. பிளக்கில் ஸ்பார்க் நன்றாகவே வருகிறது. டைமிங் ஸ்க்ரூவைத் திருப்பலாமா?

பதில்: கை வைக்காதீர்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சினில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. முதலில் ஃப்ளைவீல் கீயைப் பாருங்கள்; ஃப்ளைவீலுக்கும் கிராங்க்குக்கும் இடையே உள்ள சிறு உலோகத் துண்டு அது. ஓடும்போது புரொப்பெல்லர் கல்லில் அடித்தாலோ, ஃப்ளைவீல் நட்டு தளர்ந்தாலோ அந்தக் கீ வெட்டுப்பட்டு, ஃப்ளைவீல் சில டிகிரி நகர்ந்துவிடும். ஸ்பார்க் வரும், ஆனால் நேரம் தப்பி வரும்.

ஃப்ளைவீலில் உள்ள துளைகளில் போல்ட் பூட்டி இழுக்கும் புல்லரையே பயன்படுத்துங்கள். விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் ஃப்ளைவீல் கோணிக்கொள்ளும். கிராங்க் நுனியில் சுத்தியலால் அடிக்கவும் கூடாது. திரும்ப மாட்டும்போது கிராங்க்கிலும் ஃப்ளைவீலிலும் உள்ள டேப்பரை (கூம்பு வடிவப் பகுதி) இரண்டையும் துடைத்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்த நிலையில் மாட்டி, நட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். ஃப்ளைவீலைப் பிடித்து வைப்பது டேப்பர்தான். கீ அது உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். டேப்பர் வழுக்கினால் புதுக் கீயும் வெட்டுப்படும்.

கேள்வி: சார், பாயின்ட் இடைவெளி கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன ஆகும்?

பதில்: டைமிங்கே மாறும். மின்சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் பாயின்ட்; அது திறக்கும்போதுதான் ஸ்பார்க் வரும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், அதாவது ஸ்பார்க் முந்தும். குறைந்தால் ரிட்டார்ட் ஆகும், அதாவது பிந்தும். பல பழைய மேக்னட்டோக்களில் (ஃப்ளைவீல் காந்தத்தால் ஸ்பார்க் மின்சாரம் தரும் அமைப்பு) அளவு 0.020 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.5 மி.மீ.; உங்கள் மாடலுக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும். அதனால்தான் புதுப் பாயின்ட் போடும்போது 0.022 வைப்பவர்கள் உண்டு.

கேமின் உச்சியில் கட்டை நிற்கும்போதுதான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு செட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு சிலிண்டர் முந்தும், மற்றது பிந்தும். பாயின்ட் முகத்தில் எண்ணெய் பட்டிருந்தால் சுத்தமான கெட்டி அட்டையை இடையில் விட்டு இழுங்கள். முகம் சீக்கிரமே குழி விழுந்தால் கண்டன்சரையும் (பாயின்ட்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் பாகம்) மாற்றுங்கள்.

கேள்வி: டைமிங் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடித்தால் ஃப்ளைவீல் குறி நிலையாக நிற்காமல் குதிக்கிறதே?

பதில்: பாயின்ட் வகையானால் மேக்னட்டோ பிளேட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிளேட்டின் புஷ்ஷோ கிராங்க்கின் மேல் பேரிங்கோ தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி மாறும். எத்தனை முறை செட் செய்தாலும் நிற்காது. சி.டி.ஐ. (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) வகையானால் டிரிக்கர் காயிலின் வயர்களையும் எர்த் இணைப்பையும் பாருங்கள்.

கேள்வி: ஃப்ளைவீல் குறியையே நம்ப முடியவில்லை. உண்மையான டி.டி.சி.யை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிளக்குகளைக் கழற்றி, வயர்களை எர்த் செய்துவிடுங்கள். மேல் சிலிண்டரின் பிளக் துளையில் டயல் கேஜ் பொருத்துங்கள். உச்சியில் சில டிகிரிக்கு பிஸ்டன் அசைவதே தெரியாது, ஆகவே முள் நிற்கும் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிஸ்டன் ஏறும்போது உச்சிக்கு 1 மி.மீ. முன்னால் ஒரு குறி, இறங்கும்போது அதே 1 மி.மீ.யில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே டி.டி.சி. ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் வாட்டர் பம்ப் இம்பெல்லரின் இறக்கை பாழாகும்.

கேள்வி: ஐடிலில் அருமை, த்ராட்டில் கொடுத்தால் இழுவை இல்லை.

பதில்: பெரும்பாலான பழைய எஞ்சின்களில் த்ராட்டிலோடு சேர்ந்து மேக்னட்டோ பிளேட்டோ டிரிக்கரோ நகர்ந்துதான் அட்வான்ஸ் கிடைக்கிறது. கிரீஸ் காய்ந்து பிளேட் சிக்கியிருந்தாலும், லிங்க் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தாலும் அட்வான்ஸ் முழுமையாக எட்டாது. கவரைக் கழற்றி, எஞ்சினை நிறுத்தியே லீவரைத் தள்ளிப் பாருங்கள்: ஸ்டாப்பர் வரை போய் முட்டுகிறதா? கேமில் உள்ள குறி ரோலருக்கு நேராக வரும்போது கார்ப்பரேட்டர் பட்டர்ஃப்ளை திறக்கத் தொடங்குகிறதா? இவை சரியான பிறகுதான் முழு அட்வான்ஸ் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.

முழு அட்வான்ஸ் அளவை லோடில் பாருங்கள், படகிலோ டெஸ்ட் டேங்கிலோ. தண்ணீர் ஹோஸ் மாட்டி வெறுமனே முழு த்ராட்டில் கொடுத்தால் ஆர்.பி.எம். எல்லை மீறி எஞ்சினே போய்விடும்.

கேள்வி: அட்வான்ஸ் கொஞ்சம் கூட வைத்தால் வேகம் கூடுமாமே?

பதில்: கூடுவதாகத் தெரியும். லோடில் டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) தொடங்கினால் அவுட்போர்டின் இரைச்சலில் அந்தச் சத்தம் காதில் விழாது; பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியவரும். தரம் குறைந்த பெட்ரோல் என்றால் மேனுவல் அளவுக்கு 2 டிகிரி குறைத்தே வையுங்கள்.